நோபல் ஜான்சன்: மௌனப்பட கால நடிகர் ஒருவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த நோபல் ஜான்சன்?

1933இல் வந்த 'கிங் காங்' படத்தில், கப்பலை விட்டுத் தீவில் இறங்கும் படப்பிடிப்புக் குழுவை மறித்து நிற்பாரே ஓர் இனக்குழுத் தலைவர், தலையில் இறகுகளோடு, ஆறடிக்கு மேல் உயரமாக? அவர்தான். படம் பார்த்தவர்களுக்கு முகம் நினைவிருக்கும், பெயர் தெரியாது. 1910களின் நடுவில் தொடங்கி 1950 வரை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அமெரிக்கக் கறுப்பின நடிகர் அவர்.

ஆனால் அவரைப் பற்றி எழுத வேண்டியதற்கு முதல் காரணம் 'கிங் காங்' அல்ல. கறுப்பின மக்களை மதிப்போடு காட்டும் கதைப் படங்களை எடுப்பதற்காக 1916இல் தொடங்கப்பட்ட லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியின் முதல் தலைவரும் அவர்தான், முதல் கதாநாயகனும் அவர்தான். முகத்தை மாற்றிக்கொண்டு நடித்த படங்களில் பல இன்றும் கிடைக்கின்றன. சொந்த முகத்தோடு, சொந்த மக்களுக்காக நடித்த படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எங்கே, எப்போது பிறந்தார்? ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்களே?

1881 ஏப்ரல் 18, மிசௌரி மாநிலத்தின் மார்ஷல். சில நூல்களில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று இருக்கும். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அங்கே குடிபெயர்ந்துவிட்டது, தம்பி ஜார்ஜ் பெர்ரி ஜான்சன் 1885இல் பிறந்ததும் அங்கேதான். தம்பியின் பிறந்த ஊரை அண்ணன் பேரில் எழுதுவதால் வரும் பிழை இது.

தந்தை குதிரைகளைப் பழக்குபவர். நோபல் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுத் தந்தையோடு குதிரை வேலைக்குப் போனார். பின்னாளில் படக் கம்பெனிகள் அவரைத் தேடி வந்ததற்கு உடற்கட்டு ஒரு காரணம் என்றால், எந்தக் குதிரையையும் அடக்கி ஓட்டத் தெரிந்தது இன்னொரு காரணம். கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவரோடு பள்ளியில் படித்த ஒரு பையனும் நடிகரானார்: 'ஆயிரம் முகங்களின் மனிதர்' என்று பெயரெடுத்த லான் சேனி.

சினிமாவுக்குள் எப்படி வந்தார்?

பிலடெல்பியாவைச் சேர்ந்த லூபின் கம்பெனி 1914இல் கொலராடோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பூர்வகுடி வேஷத்தில் குதிரைச் சாகசம் செய்ய வேண்டிய நடிகர் காயம்பட்டுவிட, உள்ளூரில் குதிரை ஓட்டத் தெரிந்த உயரமான ஆளைத் தேடினார்கள். நோபல் ஜான்சன் கிடைத்தார். அந்த ஒரு வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு கலிபோர்னியா போனார். ஓராண்டு இரண்டாண்டுக்குள் யூனிவர்சல் கம்பெனியில் நிரந்தரமாக வேலை கிடைக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

கறுப்பினத்தவர்களுக்கு வாய்ப்பே இல்லாத காலத்தில் இவருக்கு மட்டும் இத்தனை வேஷங்கள் எப்படிக் கிடைத்தன?

அந்தக் காலத்து வழக்கம் கொடுமையானது. கதையில் முக்கியமான கறுப்பினப் பாத்திரம் இருந்தால், வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடிப்பார். கறுப்பின நடிகருக்கு வேலைக்காரன், சமையல்காரன் வேஷம்தான். ஜான்சனின் நிறம் சற்று வெளிர். முக அமைப்பைக் கொண்டு இன்ன இனம் என்று பார்ப்பவர் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அவரைப் பூர்வகுடித் தலைவராக, அரேபியராக, மெக்சிகராக, சீனராக, பசிபிக் தீவுக்காரராக, எகிப்தியராக மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

இதில் படச்சுருளின் தன்மைக்கும் பங்குண்டு. 1920களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் பயன்பட்டது ஆர்த்தோகுரோமாட்டிக் சுருள். அது நீலத்தையும் பச்சையையும் பதிக்கும், சிவப்பை ஏறக்குறைய பதிக்காது. செந்நிறம் கலந்த எதுவும் திரையில் கறுத்துத் தெரியும், நீலம் வெளுத்துவிடும். ஆகவே அப்போதைய எல்லா நடிகர்களும் பவுடரையும் பூச்சையும் கனமாகப் போட்டார்கள். ஒருவரின் தோல் நிறத்தை வேண்டிய அளவு ஏற்றவும் இறக்கவும் ஒப்பனைக்காரரால் முடிந்தது. 1926, 27 வாக்கில் எல்லா நிறங்களையும் பதிக்கும் பான்குரோமாட்டிக் சுருள் பரவியது. அதற்குள் ஜான்சன் 'எந்த நாட்டுக்காரராகவும் வரக்கூடியவர்' என்று பெயர் வாங்கியிருந்தார்.

இதை வெறும் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று சொல்லிவிட முடியாது. எல்லா இனத்தவராகவும் நடிக்கவிட்டவர்கள், ஒரு கறுப்பின அமெரிக்கரின் வாழ்க்கையை அவர் நடிக்க மட்டும் இடம் தரவில்லை.

லிங்கன் கம்பெனியை ஏன் தொடங்கினார்கள்? யார் யார் இருந்தார்கள்?

1915இல் வந்த 'த பர்த் ஆஃப் எ நேஷன்' கறுப்பின மக்களைக் காமுகர்களாகவும் முட்டாள்களாகவும் காட்டி, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானை மீட்பர்களாகக் காட்டியது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது, படமோ பெரும் வசூலை அள்ளியது. தடை கேட்டுப் போராடியவர்களுக்கு நடுவே, பதிலுக்கு நாமே படம் எடுப்போம் என்று கிளம்பியவர்களும் இருந்தார்கள். லிங்கன் கம்பெனி அந்த வரிசையில் வருவது.

1916இல் தொடங்கி 1917 ஜனவரியில் கலிபோர்னியாவில் முறைப்படி பதிவு செய்தார்கள். நோபல் ஜான்சன் தலைவர். நடிகர் கிளாரன்ஸ் புரூக்ஸ் செயலர். மருத்துவர் ஜே. தாமஸ் ஸ்மித் பணம் போட்டுப் பொருளாளர் பொறுப்பை ஏற்றார். ஒளிப்பதிவாளர் ஹாரி கேன்ட் மட்டும் வெள்ளையர். யூனிவர்சலில் வேலை பார்த்தபோது ஜான்சனுக்குப் பழக்கமானவர், கேமரா அவருடைய பொறுப்பு. தம்பி ஜார்ஜ் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் தபால் ஊழியர். அந்த வேலையை விடாமலே விநியோகம் முழுவதையும் அங்கிருந்து கவனித்தார்.

முதலீட்டில் பெரும்பகுதி நோபல் ஜான்சனின் சம்பளம். யூனிவர்சலில் வில்லனாகவும் பூர்வகுடியாகவும் நடித்துக் கிடைத்த காசைக் கொண்டுவந்து இங்கே போட்டார், அங்கே வேலை இல்லாத நாட்களில் இங்கே படம் பிடித்தார்கள்.

ஜான்சன் நாயகனாக நடித்த லிங்கன் படங்கள் எவை?

மூன்று. முதலாவது 'த ரியலைசேஷன் ஆஃப் எ நீக்ரோஸ் ஆம்பிஷன்' (1916), இரண்டு ரீல். கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கிகி கல்லூரியில் பொறியியல் படித்த ஜேம்ஸ் பர்ட்டன் என்ற இளைஞன், தந்தையின் பண்ணையை விட்டுக் கலிபோர்னியாவின் எண்ணெய் வயலுக்கு வேலை தேடிப் போகிறான். தகுதி இருந்தும் நிறத்தைச் சொல்லி மறுக்கிறார்கள். வண்டிக்குதிரை மிரண்டு ஓடும்போது முதலாளியின் மகளைக் காப்பாற்றுகிறான், அதற்குப் பிறகு வேலை கிடைக்கிறது. எண்ணெய் இருக்கும் நிலத்தின் அடையாளங்கள் தன் தந்தையின் பண்ணையிலும் இருப்பது நினைவுக்கு வர, ஊர் திரும்பி அங்கே எண்ணெய் எடுக்கிறான். பியூலா ஹால் நாயகி.

இன்று படிக்கையில் எளிய கதையாகத் தெரியலாம். படித்த கறுப்பின இளைஞன் ஒருவன், தன் மூளையை வைத்து முன்னேறுகிறான், காதலிக்கிறான், குடும்பம் நடத்துகிறான் என்பதை அதுவரை திரையில் பார்த்தறியாதவர்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது 'ட்ரூப்பர் ஆஃப் ட்ரூப் கே'. 1916 ஜூன் 21 அன்று மெக்சிகோவின் கரிசால் என்ற ஊரில், கறுப்பின வீரர்களைக் கொண்ட அமெரிக்கப் பத்தாம் குதிரைப்படை மெக்சிகப் படையோடு மோதிப் பெரும் இழப்பைச் சந்தித்தது. செய்தியின் சூடு ஆறுமுன் அதைப் படமாக்கினார்கள். பொறுப்பற்றுத் திரியும் ஜோ என்பவன் படையில் சேர்ந்து, போரில் காயம்பட்ட தன் அதிகாரியைக் காப்பாற்றுவது கதை. ஜோவாக ஜான்சன். குதிரை மேல் அவர் பெற்றிருந்த தேர்ச்சிக்கு ஏற்ற கதை. மூன்றாவது 'த லா ஆஃப் நேச்சர்' (1917), குடும்பக் கதை.

அமெரிக்காவின் முதல் கறுப்பினப் படக் கம்பெனி லிங்கன்தானா?

இல்லை. அந்தப் பெருமை சிகாகோவில் வில்லியம் ஃபாஸ்டர் நடத்திய ஃபாஸ்டர் ஃபோட்டோபிளே கம்பெனிக்கு உரியது. அவர் எடுத்தவை பெரும்பாலும் சிறு நகைச்சுவைப் படங்கள். நடுத்தர வர்க்கக் கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கையைத் தீவிரமான கதைகளாகத் தொடர்ந்து எடுக்க முனைந்ததில்தான் லிங்கன் முன்னோடி.

எடுத்த படங்களை எப்படி ஓட்டினார்கள்? ஏன் லாபம் வரவில்லை?

இதுதான் பலரும் தாண்டிப் போகும் பகுதி. கம்பெனி விழுந்ததற்கான காரணமே இதில்தான் இருக்கிறது.

பெரிய கம்பெனிகளுக்கு நகரந்தோறும் விநியோக அலுவலகம் இருந்தது. பல பிரதிகள் எடுத்து, ஒரே வாரத்தில் நாடு முழுக்கத் திரையிட்டு, போட்ட காசைச் சில மாதங்களில் திருப்பிவிடுவார்கள். லிங்கனிடம் இருந்தவை சில பிரதிகள்தாம். ஒரு கொட்டகையில் ஓடி முடித்த பிரதியை ரயிலில் அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். வழியில் தாமதமானாலோ சுருள் கிழிந்தாலோ அடுத்த ஊர்க் காட்சி ரத்து. விளம்பரத்துக்குச் செலவழித்த காசும் போச்சு.

கறுப்பினப் பார்வையாளர்களுக்கென்று இருந்த கொட்டகைகள் குறைவு. தெற்கு மாநிலங்களில் மற்றக் கொட்டகைகளில் அவர்களுக்கு மாடியில் தனி இடம், அல்லது நள்ளிரவில் தனிக்காட்சி, அல்லது அனுமதியே இல்லை. அதனால் தேவாலயங்கள், பள்ளிகள், சங்க மண்டபங்கள் ஆகியவற்றிலும் காட்டினார்கள். இப்படிப்பட்ட இடங்களில் வருவாயைக் கணக்கிட்டு வாங்குவதே பெரும்பாடு.

ஜார்ஜ் ஜான்சன் இதற்குக் கண்ட வழி புத்திசாலித்தனமானது. கறுப்பினச் செய்தித்தாள்களின் கலைப்பகுதி ஆசிரியர்களையே ஊர் முகவர்களாக்கினார். சிகாகோவில் 'டிஃபெண்டர்' இதழின் டோனி லாங்ஸ்டன் அப்படி ஒருவர். எந்த ஊரில் யார் கொட்டகை நடத்துகிறார், எத்தனை இருக்கை, எவ்வளவு கட்டணம் என்ற விவரங்களை எல்லாம் கடிதம் மூலம் திரட்டிக் கோப்பாக்கினார். பகலில் தபால் நிலையம், மிச்ச நேரத்தில் கடிதமும் கணக்கும். அப்படியிருந்தும், ஒரு படத்துக்குப் போட்ட பணம் திரும்பிவர மாதக்கணக்கில் ஆனது. அடுத்த படத்தைத் தொடங்கக் கையில் எதுவும் இல்லாத நிலை. 1918இல் இன்புளுயன்சா பரவி நாடெங்கும் கொட்டகைகளை மூடியபோது இருந்த வரும்படியும் நின்றது.

நோபல் ஜான்சன் தன் சொந்தக் கம்பெனியை விட்டு ஏன் விலகினார்?

யூனிவர்சல் கொடுத்த நெருக்கடி. அவர் அங்கே தொடர்படங்களில் நடித்துக்கொண்டிருந்ததால் கறுப்பினப் பகுதிகளில் அவருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. லிங்கன் படம் வந்ததும் கொட்டகைக்காரர்கள் அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்தார்கள். ஒரே தெருவில் ஒரு கொட்டகையில் அவர் நாயகனாக நடித்த லிங்கன் படம், இன்னொன்றில் அவர் சிறு வேஷத்தில் வரும் யூனிவர்சல் படம் என்றால், கூட்டம் எங்கே போகும் என்பதைச் சொல்லவே வேண்டாம். யூனிவர்சல் படம் போட்டவர்கள் முறையிட்டார்கள்.

ஜார்ஜ் பின்னாளில் சொன்ன விவரப்படி, லிங்கனோடு இருப்பதா யூனிவர்சலில் இருப்பதா என்று தேர்ந்தெடுக்கும்படி நோபலிடம் கேட்டுவிட்டார்கள். லிங்கன் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலையில் இல்லை. அவர் சம்பளத்தில்தான் லிங்கனே நடந்தது. 1918இல் விலகினார். அவர் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் பயன்படுத்துவதும் நின்றது.

இதைத் துரோகம் என்று எழுதியவர்களும் உண்டு. எங்கள் பார்வையில் அது நியாயமற்ற தீர்ப்பு. யூனிவர்சலை விட்டிருந்தால் லிங்கனுக்குப் போக வேண்டிய பணமும் சேர்ந்தே நின்றிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனிக்கு இழப்புதான் என்ற இடத்தில் அவரை நிறுத்தியவர்களைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அதன்பின் லிங்கன் கம்பெனி என்ன ஆனது?

மருத்துவர் ஸ்மித் தலைவரானார். கிளாரன்ஸ் புரூக்ஸ் நாயகனாக 'எ மேன்ஸ் டியூட்டி' (1919), 'பை ரைட் ஆஃப் பர்த்' (1921) இரண்டும் வந்தன. 1923இல் கம்பெனி மூடப்பட்டது. புரூக்ஸ் பின்னர் 1931இல் ஜான் ஃபோர்டின் 'ஆரோஸ்மித்' படத்தில் மருத்துவராக, கண்ணியமான ஒரு பாத்திரத்தில் நடித்தார்.

இந்த இடைவெளியில் நடந்த ஒன்று சினிமா வரலாற்றையே மாற்றியது. 1918இல் ஆஸ்கர் மிஷோ என்ற எழுத்தாளரின் 'த ஹோம்ஸ்டெடர்' நாவலைப் படமாக்க ஜார்ஜ் ஜான்சன் கடிதம் எழுதினார். மிஷோ, படப்பிடிப்பைத் தானே மேற்பார்வையிட வேண்டும், படம் நீளமாக இருக்க வேண்டும் என்றார். லிங்கன் ஒப்பவில்லை. மிஷோ தானே கம்பெனி தொடங்கி 1919இல் அதைப் படமாக்கி வெளியிட்டார். அடுத்த முப்பது ஆண்டு கறுப்பின சினிமாவின் பெரும்பெயர் அவருடையதாயிற்று.

யூனிவர்சலில் அப்படி என்ன நடித்தார்? அவை இந்தியாவுக்கு வந்தனவா?

முக்கியமாகத் தொடர்படங்கள். வாரம் ஒரு பாகம், பாகத்துக்கு வழக்கமாக இரண்டு ரீல், முடிவில் யாராவது பாறை விளிம்பில் தொங்குவார்கள். மேரி வால்காம்ப் நடித்த 'த ரெட் ஏஸ்' (1917), எடி போலோ நடித்த 'த புல்ஸ் ஐ' (1917), 'லூர் ஆஃப் த சர்க்கஸ்' (1918) ஆகியவற்றில் ஜான்சன் உண்டு. 1922இல் ராபின்சன் குருசோ கதையைப் பதினெட்டு பாகத் தொடராக எடுத்தபோது ஃபிரைடேயாக நடித்தார்.

யூனிவர்சல் 1916இலேயே இந்தியாவில் விநியோகத்தைத் தொடங்கியது. எடி போலோவின் தொடர்படங்கள் மதராஸ் மாகாணத்தில் பெரும் கூட்டத்தை இழுத்தவை. பழைய தமிழ்த் திரை வரலாறுகளைப் படிப்பவர்கள் போலோ பெயரைக் கட்டாயம் சந்திப்பார்கள். போலோவின் படங்களில் ஓரமாகக் குதிரை மேல் வந்துபோன ஓர் உயரமான ஆள் யாரென்று அப்போது இங்கே யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

1920களின் பெரிய படங்களில் அவரை எங்கே பார்க்கலாம்?

'த ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் த அபோகலிப்ஸ்' (1921): வானில் பாயும் நான்கு குதிரைவீரர்களில் ஒருவர். செசில் டிமிலின் 'த டென் கமாண்ட்மென்ட்ஸ்' (1923), 'த கிங் ஆஃப் கிங்ஸ்' (1927) இரண்டிலும் சிறு பாத்திரங்கள். பஸ்டர் கீட்டனின் 'த நேவிகேட்டர்' (1924) படத்தில் நரமாமிசம் தின்னும் தீவினரின் தலைவன். கீட்டன் ரசிகர்கள் அவரை அறியாமலே பலமுறை பார்த்திருப்பார்கள்.

அவர் இந்தியராக நடித்திருக்கிறாரா?

ஆம். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் 'த தீஃப் ஆஃப் பாக்தாத்' (1924) படத்தில் இளவரசியை மணக்க மூன்று இளவரசர்கள் வருகிறார்கள். இந்திய இளவரசர் நோபல் ஜான்சன். மங்கோலிய இளவரசராக ஜப்பானிய நடிகர் சோஜின், பாரசீக இளவரசராக மத்தில்ட் கோமோன் என்ற பெண். காந்தகாரில் ஒரு சிலையின் கண்ணிலிருந்து மாயப் பளிங்கைக் கொண்டுவரச் செய்வது இந்திய இளவரசரின் பங்கு. பட்டும் மணியும் போர்த்திக் கம்பீரமாக நிற்பதைத் தவிர அவருக்குப் பெரிய வேலையில்லை. ஆனாலும் அவர் அலட்சியமாகக் கண்ணைத் திருப்பும் விதத்திலேயே அரச தோரணை தெரிகிறது. 1942இல் சபுவை நாயகனாகக் கொண்டு வந்த 'ஜங்கிள் புக்' படத்தில் சீக்கியராகவும் வருகிறார்.

வெள்ளையராகவும் நடித்தார் என்பது உண்மையா?

உண்மை. 'த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' (1932) படத்தில் மனித வேட்டையாடும் ரஷ்யப் பிரபுவின் கோசாக் பணியாள் இவான். தாடியும் வெளுத்த ஒப்பனையுமாக வருவார். கறுப்பின நடிகர் ஒருவர் வெள்ளையராக நடித்த மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். காட்டுக் காட்சிகளுக்கான அரங்குகளை இந்தப் படமும் 'கிங் காங்'கும் பகிர்ந்துகொண்டன. ஃபே ரே, ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஜான்சன் மூவரும் இரண்டிலும் உண்டு.

பேசும்படம் வந்தபின் அவர் நிலை எப்படி?

வேலை குறையவில்லை, வசனம்தான் கிடைக்கவில்லை. 1930இன் 'மோபி டிக்' படத்தில் ஈட்டி எறியும் குவீக்குவெக் பாத்திரம் நல்ல அளவுடையது. மற்றவற்றைப் பாருங்கள். 'த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' இவான் வாய் பேச முடியாதவன். 'த மம்மி' (1932) படத்தில் போரிஸ் கார்லோஃபின் சக்திக்குக் கட்டுப்பட்டு நடமாடும் நூபிய வேலைக்காரன். 'கிங் காங்' தலைவன் பேசுவது தீவுமொழி. 'த கோஸ்ட் பிரேக்கர்ஸ்' (1940) படத்தில் நடைப்பிணம். குரல் வந்த காலத்தில் இந்த மனிதருக்கு ஹாலிவுட் கொடுத்தது பெரும்பாலும் மௌனம்.

ஜான் ஃபோர்டின் 'ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்' (1949) படத்தில் ரெட் ஷர்ட் என்ற பூர்வகுடித் தலைவராக நடித்தது கடைசிக் காலப் பாத்திரங்களில் ஒன்று. தொடங்கியதும் பூர்வகுடி வேஷத்தில்தான், முடித்ததும் ஏறக்குறைய அதில்தான். 1950இல் நடிப்பை விட்டார்.

முதன்முறை பார்ப்பவர் எந்த வரிசையில் பார்க்கலாம்?

முதலில் 'த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்'. 63 நிமிடம்தான். அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமையாகிவிட்டதால் இலவசமாகக் கிடைக்கும். கோட்டைக் கதவு திறந்ததும் அவர் நிற்பார். அடுத்து 'கிங் காங்'. உடனடியாக அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அதே ஆளா இவர் என்ற வியப்பு வரும். 1938 மறுவெளியீட்டின்போது, காங் ஊரை மிதித்து அழிக்கும் காட்சிகளில் சில வெட்டப்பட்டன. நீங்கள் பார்க்கும் பிரதி சுமார் 100 நிமிடம் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

பிறகு 'த நேவிகேட்டர்', ஒரு மணி நேரம். அதன்பின் 'த தீஃப் ஆஃப் பாக்தாத்', இரண்டரை மணி நேரம் அளவு நீளும். இரண்டும் 1924 படங்கள், அமெரிக்காவில் 2020 முதல் பொதுவுடைமை. படம் பொதுவுடைமை என்றாலும் அண்மையில் சேர்த்த பின்னணி இசைக்குத் தனி உரிமை இருக்கலாம். காட்சித் துண்டை எடுத்து உங்கள் காணொளியில் சேர்ப்பதானால் இசையை நீக்கிவிட்டுச் சேர்ப்பதே பாதுகாப்பு.

மௌனப் படத்தில் எல்லாரும் ஓடுவதுபோல் தெரிகிறதே, பிரதியில் கோளாறா?

ஓட்ட வேகம் தவறு. 35 மி.மீ. சுருளில் அடிக்கு 16 சட்டகம் (ஃபிரேம்). ஆயிரம் அடி ரீல் ஒன்றை நொடிக்கு 16 சட்டகம் என்று ஓட்டினால் 16 நிமிடம் 40 நொடி, பேசும்பட வேகமான 24இல் ஓட்டினால் 11 நிமிடத்துக்குச் சற்று மேல். 1910களின் படங்கள் பெரும்பாலும் 16க்கும் 20க்கும் இடையே எடுக்கப்பட்டவை. உங்கள் காணொளி இயக்கியில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்துப் பாருங்கள். நடை இயல்பாகத் தெரிந்தால் அதுதான் சரி. 1920களின் நடுவில் எடுக்கப்பட்டவற்றில் பல 20க்கு மேல் போகும், அவற்றை அவ்வளவு குறைத்தால் தண்ணீருக்குள் நடப்பதுபோல் ஆகிவிடும்.

லிங்கன் படங்களைப் பார்க்க வழியே இல்லையா?

ஜான்சன் நடித்த மூன்றும் தொலைந்தவை. 'பை ரைட் ஆஃப் பர்த்' படத்திலிருந்து நான்கு நிமிட அளவு துண்டுகள் மட்டும் இருக்கின்றன, அதுவும் அவர் விலகிய பிறகு வந்த படம்.

காரணம் நைட்ரேட் சுருள். அது எளிதில் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதையும்: முதலில் படம் மங்கும், பின் பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புத் தூளாகும். பெரிய கம்பெனிகளின் படங்களுக்கே இந்தக் கதிதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10,919 மௌனக் கதைப் படங்களில் 14 விழுக்காடுதான் வெளியான வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன. அங்கே நெகட்டிவ் கிடங்கும் பல பிரதிகளும் இருந்தன. லிங்கனின் சில பிரதிகளோ தேயும்வரை ஊர் ஊராக ஓடியவை.

படம் இல்லாதபோது இவ்வளவு விவரம் எப்படித் தெரிகிறது?

தம்பி ஜார்ஜால். கடிதங்கள், கணக்குகள், விளம்பரத் துண்டறிக்கைகள், செய்தித்தாள் வெட்டுகள் என்று பல்லாண்டு சேர்த்து வைத்திருந்தார். அவை இன்று லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பெயரிலேயே ஒரு தொகுப்பாக உள்ளன. 1960களின் பிற்பகுதியில் அதே பல்கலைக்கழகத்துக்கு நீண்ட வாய்மொழிப் பேட்டியும் கொடுத்தார். 1977இல் ஜார்ஜ் இறந்தார். 1978 ஜனவரி 9 அன்று, கலிபோர்னியாவின் யுகைப்பாவில், 96 வயதில் நோபல் இறந்தார். அவர் திரையை விட்டு விலகி அப்போது கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பேட்டிகள் தராமல் ஒதுங்கி வாழ்ந்தவர்.

நானே பழைய இதழ்களில் தேட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது, எங்கே தவறும்?

ஒமாஹாவின் 'மானிட்டர்' இதழ் காங்கிரஸ் நூலகத்தின் இலவச நாளிதழ்த் தளத்தில் உள்ளது. லாஸ் ஏஞ்சலிஸின் 'கலிபோர்னியா ஈகிள்' இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கும். யூனிவர்சல் தானே நடத்திய 'மூவிங் பிக்சர் வீக்லி' மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியில் உண்டு. 1916 முதல் 1922 வரை என்று ஆண்டு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள்.

வரம்பு போடாமல் அவர் பெயரை மட்டும் போட்டால் வேண்டாத முடிவுகள் நிறைய வரும். இந்தியானா மாநிலத்தில் நோபல் ஜே. ஜான்சன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் இருந்தார். 1925க்குப் பிந்தைய செய்திகளில் பல அவரைப் பற்றியவை. ஆகவே பெயரோடு 'லிங்கன்', 'யூனிவர்சல்', அல்லது தேடும் படத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துகள் மாறும், வரி முடிவில் பெயர் இரண்டாக உடைந்திருக்கும். அதனால் சக நடிகர் பெயரை வைத்தும் ஒருமுறை தேட வேண்டும்: பியூலா ஹால், கிளாரன்ஸ் புரூக்ஸ் இரண்டும் நல்ல பலன் தருபவை.

இணையத்தின் படப் பட்டியல்களை அப்படியே எடுத்தாள வேண்டாம். அந்தக் காலப் படங்களில் சிறு வேஷக்காரர்களின் பெயர் திரையில் வராது. பிற்காலத்தில் யாரோ முகத்தைப் பார்த்து அடையாளம் சொன்னதெல்லாம் பட்டியலில் ஏறியிருக்கிறது. படம் எஞ்சியிருந்தால் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். எஞ்சாத படம் என்றால், வெளியான ஆண்டின் இதழ் ஒன்றில் பாத்திரப் பெயரோடு அவர் பெயர் அச்சாகியிருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிங்கன் படங்களுக்கு ஆண்டு குறிக்கும்போது இன்னும் ஒரு கவனம் வேண்டும்: பிரதி ஊர் ஊராகப் போனதால் ஒரே படத்துக்கு ஓரூரில் 1916இலும் இன்னோர் ஊரில் 1917இலும் 'புதிய படம்' என்று விளம்பரம் இருக்கும். கிடைத்தவற்றில் மிகப் பழைய தேதியை எழுதி, அது எந்த ஊர்க் காட்சி என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.